எந்தத் துவக்கின் குண்டு?

கனடாவில் இருபது வருசத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு ரார்னக் பண்ணை என்ற பெயர் நினைவிருக்கும். 2002 ஏப்ரல் 17 இரவு, ஆப்கானிஸ்தானில் கந்தகாருக்குப் பக்கத்தில், முன்பு அல்கைதா பயிற்சி முகாமாக இருந்த ஒரு வெளியில் கனடியப் படையினர் இரவுநேரச் சூட்டுப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அந்த வழியால் போன இரண்டு அமெரிக்க எஃப்-16 விமானங்களில் ஒன்றின் விமானி கீழே தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத் தன்னை நோக்கிச் சுடுகிறார்கள் என்று நினைத்தார். சுட அனுமதி கேட்டார். பொறு, சுடாதே என்று பதில் வந்தது. பிறகு தற்காப்புக்காக என்று தானே அறிவித்துவிட்டு 225 கிலோ குண்டொன்றைப் போட்டார். நான்கு பேர் செத்தார்கள், எட்டுப் பேர் காயப்பட்டார்கள். ஆப்கான் போரில் கனடா இழந்த முதல் படையினர் அவர்கள். தலிபானைக் காணாமலே செத்தவர்கள்.

இதில் நான் முதலில் கவனித்தது ஒரு சின்ன விசயம். சில மணித்தியாலங்களிலேயே உண்மை சொல்லப்பட்டுவிட்டது. எதிரி தாக்கினான் என்று ஒருநாள்கூட ஒருவரும் சொல்லவில்லை. கனடாவில் ஓய்வுபெற்ற ஜெனரல் மொறிஸ் பரில் தலைமையில் ஒரு விசாரணைச் சபை, அமெரிக்கர்களோடு சேர்ந்து இன்னொரு சபை, அறிக்கைகள், பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விவாதம். விமானிகளுக்கு நித்திரை வராமலிருக்கக் கொடுக்கும் குளிசை பற்றிக்கூட ரொறொன்ரோ கோப்பிக் கடைகளில் கதைத்தார்கள். குண்டு போட்ட மேஜர் ஹரி ஷ்மிட் மேல் முதலில் மனிதக்கொலைக் குற்றச்சாட்டு வந்தது. கடைசியில், 2004 யூலையில், கடமை தவறினார் என்ற தீர்ப்பு, ஒரு கண்டனக் கடிதம், 5,672 டொலர் தண்டம். தண்டனை போதுமா என்பது வேறு கதை. குண்டு யாருடையது என்பதில் மட்டும் மறைப்பு இருக்கவில்லை.

இதை வைத்து இராணுவங்கள் நேர்மையானவை என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஏன் மறைப்பு இருக்கவில்லை என்பதைத்தான் இந்தப் பதிவில் கொஞ்சம் தோண்டிப் பார்க்க நினைக்கிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் பிரெண்ட்லி பயர் என்பார்கள். நட்பான சூடு! நட்புக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. பிரிட்டிஷ்காரர் புளூ ஒன் புளூ என்பார்கள். வரைபடத்தில் தங்கள் படைக்கு நீல நிறம் போடுவதால் வந்த பெயர், நீலம் நீலத்தை அடித்தது என்று. அமெரிக்க இராணுவ ஆவணங்களில் இன்னொரு சொல் இருக்கிறது, சகோதரக் கொலை என்ற பொருளில். அதைத் தமிழில் எழுதினால் எங்கள் ஆட்களுக்கு உடனே வேறு பழைய கதைகள் ஞாபகம் வரும். அந்தச் சொல் எங்களிடம் ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டது. அதனால் நான் சொந்தச் சூடு என்றே எழுதப்போகிறேன்.

எதிரியின் குண்டில் ஒருவன் செத்தால் இராணுவம் எழுதும் அறிக்கையில் எல்லாம் இருக்கும். எந்த இடம், என்ன நேரம், எதிரி எப்படி வந்தான், இவன் எப்படி நின்றான். வினைச்சொற்கள் எல்லாம் துடிப்பாக இருக்கும்: முன்னேறினான், காத்தான், எதிர்த்து நின்றான். அதே ஆள் சொந்தச் சூட்டில் செத்தால் அறிக்கையின் இலக்கணமே மாறிவிடும். "ஒரு சம்பவத்தில் உயிரிழந்தார்." "விசாரணை நடைபெறுகிறது." எழுவாய் காணாமல் போய்விடும். துவக்கு தானாக வெடித்த மாதிரி, குண்டு தானாக விழுந்த மாதிரி. பள்ளிக்கூடத்தில் செய்வினை, செயப்பாட்டுவினை படிப்பித்த வாத்தியார் இந்த அறிக்கைகளைப் பார்த்திருந்தால் நல்ல உதாரணங்கள் எடுத்திருப்பார்.

இது மிதமான வகை. இன்னொரு வகை இருக்கிறது. சொந்தச் சூட்டில் செத்தவனுக்கு எதிரியின் சூட்டில் செத்த கதையை எழுதிக் கொடுப்பது. அதற்கு பற் ரில்மனின் கதையைவிட நல்ல உதாரணம் இல்லை.

ரில்மன் அமெரிக்காவில் பெயர்பெற்ற உதைபந்தாட்ட வீரர் (எங்கட உதைபந்து இல்லை, அவர்கள் கையால் விளையாடும் அது). அரிசோனா அணி மூன்று வருசத்துக்கு 36 இலட்சம் டொலர் தருவதாகச் சொன்னதை விட்டுவிட்டு, 2002 இல் தம்பி கெவினோடு சேர்ந்து இராணுவத்தில் இணைந்தார். இருவரும் ரேஞ்சர் படைப்பிரிவு. 2004 ஏப்ரல் 22 அன்று, பாகிஸ்தான் எல்லைக்குப் பக்கத்தில் கோஸ்ற் மாகாணத்து மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில், பழுதான ஒரு வாகனத்தால் அவர்களுடைய அணி இரண்டாகப் பிரிந்தது. பின்னால் வந்த பாதி தாக்கப்பட்டது. முன்னால் போன பாதியில் இருந்த ரில்மன் அவர்களுக்கு உதவ மலைச்சரிவில் ஏறினார். பின்னால் வந்தவர்கள், சொந்த ஆட்கள், அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்குப் பக்கத்தில் நின்ற ஆப்கான் போராளி ஒருவரும் அதே சூட்டில் செத்தார். கெவின் பின்னால் வந்த வாகனமொன்றில் இருந்தார். அண்ணன் எப்படிச் செத்தான் என்று அவருக்குத் தெரியவில்லை.

அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். ரில்மனுக்கு மிகக் கிட்ட நின்ற இளம் படையாள், இதைக் கெவினிடம் சொல்லக்கூடாது என்று மேலதிகாரி தனக்குக் கட்டளையிட்டதாக 2007 இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். ரில்மனின் சீருடையும் குண்டு துளைக்காத அங்கியும் சில நாட்களுக்குள் எரிக்கப்பட்டன. அவருடைய குறிப்புப் புத்தகமும் எரிக்கப்பட்டது. ஒரு வாரத்தில், ஏப்ரல் 30 அன்று, வெள்ளி நட்சத்திரப் பதக்கம் அறிவிக்கப்பட்டது. வீரத்துக்குக் கொடுக்கும் மூன்றாவது உயர்ந்த பதக்கம் அது. எதிரியின் சூட்டுக்கு நடுவில் தோழர்களைக் காப்பாற்ற முன்னேறியதாக அதன் கூற்று எழுதப்பட்டிருந்தது. மே 3 இல் கலிபோர்னியாவில் நினைவுக் கூட்டம், தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. அந்தக் கதையே மேடையில் வாசிக்கப்பட்டது.

இதில் மனதை உறுத்தும் திகதி ஏப்ரல் 29. பதக்க அறிவிப்புக்கு முதல் நாள். ஜெனரல் மக்கிறிஸ்டல் தன் மேலதிகாரிகளுக்கு அவசரச் செய்தி அனுப்புகிறார்: இது அனேகமாகச் சொந்தச் சூடு என்றே விசாரணையில் வரப்போகிறது, நாட்டின் தலைவர்கள் தெரியாமல் ஏதாவது பேசிவிட்டுப் பிறகு சங்கடப்படக்கூடாது என்று. அதாவது எச்சரிக்கை அதிபருக்காகப் போனது. தாய்க்குப் போகவில்லை. மே 1 ஆம் திகதி நடந்த ஒரு விருந்தில் அதிபர் புஷ் ரில்மனைப் புகழ்ந்து பேசினார். எப்படிச் செத்தார் என்பதை மட்டும் தொடவில்லை. அதே நாட்களில்தான் அபு கிறைப் சிறைப் படங்கள் உலகம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தன. அந்தக் கிழமைக்கு அமெரிக்க இராணுவத்துக்கு ஒரு நல்ல கதை தேவைப்பட்டது என்று கெவின் பின்னாளில் நாடாளுமன்றக் குழுவின் முன் வெளிப்படையாகவே சொன்னார்.

குடும்பத்துக்கு உண்மை சொல்லப்பட்டது ஐந்து கிழமைகள் கழித்து, மே மாதக் கடைசியில். போரில் செத்தவர்களை அமெரிக்கர் நினைவுகூரும் நீண்ட வார விடுமுறையில், சனிக்கிழமை, செய்தியாளருக்கு ஓர் அறிக்கை வாசிக்கப்பட்டது. அதிலும் "அனேகமாக" என்ற சொல். அதற்குப் பிறகு விசாரணைக்கு மேல் விசாரணை. தாயார் மேரி ரில்மன், கறுப்பு மை பூசி மறைத்த ஆயிரக்கணக்கான பக்கங்களை மேசையில் பரப்பி வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். ஒரு விசாரணை முடியும், அவர் அதில் பத்து ஓட்டை காட்டுவார், அடுத்தது தொடங்கும். 2007 இல் இராணுவம் ஒரு ஓய்வுபெற்ற ஜெனரலைக் கண்டித்தது. வேண்டுமென்று செய்த குற்றம் எதுவும் இல்லை, விபத்துத்தான் என்பது முடிவு. விபத்தென்றால் சீருடையை ஏன் எரித்தீர்கள் என்ற தாயின் கேள்விக்கு அவர் ஏற்றுக்கொள்ளும் பதில் வரவில்லை.

இப்போது ரார்னக் பண்ணையையும் ரில்மனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் சில மணித்தியாலம், மற்றதில் ஐந்து கிழமை. என்ன வித்தியாசம்? கனடியரைக் கொன்றது அமெரிக்கர். செத்தவனின் இராணுவம் வேறு, சுட்டவனின் இராணுவம் வேறு. ஒட்டாவாவுக்கு மறைக்க ஒன்றும் இல்லை. கேட்கத்தான் நிறைய இருந்தது. 2006 செப்ரெம்பர் 4 அன்று கந்தகாருக்கு மேற்கே அமெரிக்க ஏ-10 விமானம் கனடியப் படையைச் சுட்டு ஒருவர் இறந்து, முப்பதுக்கு மேற்பட்டவர்கள் காயப்பட்டபோதும் அதே கதைதான், அன்றைக்கே சொன்னார்கள். ரில்மன் விசயத்தில் சுட்டவனும் செத்தவனும் ஒரே அணி, ஒரே கட்டளைத் தலைமை, விசாரிப்பவரும் அதே வீட்டு ஆள். பொய் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பது, எவ்வளவு பெரிய பிழை நடந்தது என்பதில் தங்கியில்லை. சுட்டவனுக்கும் செத்தவனுக்கும் ஒரே ஆள் பொறுப்பா என்பதில்தான் தங்கியிருக்கிறது.

இந்தக் கணக்கை இரண்டாம் உலகப் போருக்குக் கொண்டுபோனால் அப்படியே பொருந்துகிறது. போர் தொடங்கி ஒரு கிழமையில், 1939 செப்ரெம்பர் 10 அன்று, நோர்வேக் கரைக்கு அப்பால் ஒக்ஸ்லி என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கியை ரைற்றன் என்ற இன்னொரு பிரிட்டிஷ் நீர்மூழ்கி டோர்பிடோவால் அடித்துத் தாழ்த்தியது. தப்பியவர்கள் இரண்டே பேர். கடற்படை சொன்ன முதல் விளக்கம்: கப்பலுக்குள் நடந்த வெடிவிபத்து. போர் முடிந்தபிறகு வந்த இரண்டாவது விளக்கம்: ரைற்றனோடு மோதிக்கொண்டது. உண்மை வெளியே வந்தது 1950களில். பொய் எப்படிப் படிப்படியாக உண்மையின் பக்கம் நகர்கிறது பாருங்கள். முதலில் இரண்டாவது கப்பலே கதையில் இல்லை. பிறகு கப்பல் வருகிறது, டோர்பிடோ வரவில்லை. கடைசியில்தான் டோர்பிடோ.

1943 யூலை 11 இரவு சிசிலியில் நடந்தது இன்னும் பெரிது. 144 அமெரிக்கப் போக்குவரத்து விமானங்கள் பரசூட் படையினரை ஏற்றிக்கொண்டு தங்கள் கப்பல்களுக்கும் தங்கள் கரைக்கும் மேலால் வந்தன. சற்று முன்னர்தான் ஜேர்மன் விமானங்கள் வந்து குண்டு போட்டுவிட்டுப் போயிருந்தன. கீழே நின்ற பீரங்கிக்காரர்களுக்கு விரல் நடுங்கிக்கொண்டிருந்த நேரம். நம்மவர் வருகிறார்கள், சுடவேண்டாம் என்ற அறிவித்தல் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. ஒருவன் சுடத் தொடங்க எல்லோரும் சுட்டார்கள். 23 விமானங்கள் விழுந்தன, இன்னும் 37 மோசமாகச் சேதப்பட்டன. செத்தும் காயப்பட்டும் காணாமலும் போனவர்கள் முந்நூறுக்கு மேல். அமெரிக்கப் பொதுமக்களுக்கு இது தெரியவந்தது எட்டு மாதம் கழித்து, 1944 மார்ச்சில்.

ஜெனரல் மக்னெயரின் கதையை வாசித்தபோது அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். 1944 யூலை 25, நோர்மண்டியில் சென் லோ நகருக்கு அருகே ஜேர்மன் அரண்களை உடைக்க அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. குண்டுகளில் ஒரு பகுதி சொந்தப் படையின் மேல் விழுந்தது. முதல் நாளும் அப்படித்தான் விழுந்து 25 பேர் செத்திருந்தார்கள். இரண்டாம் நாள் 111 பேர் செத்து, 490 பேர் காயப்பட்டார்கள். செத்தவர்களில் ஒருவர் லெப்ரினன்ற் ஜெனரல் லெஸ்லி மக்னெயர், அமெரிக்காவின் தரைப்படைகள் முழுவதற்கும் பயிற்சி கொடுத்து உருவாக்கியவர். எதிரியின் சூட்டில் இறந்தார் என்றே முதலில் செய்தி வந்தது. ஓகஸ்ட் மாதம்தான் திருத்தினார்கள். அடக்கம் இரகசியமாக, சில ஜெனரல்கள் மட்டும் நிற்க நடந்தது.

இங்கே இராணுவத்துக்கு நியாயமான ஒரு காரணமும் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஜேர்மனியரை ஏமாற்ற நேச நாடுகள் கடுதாசியில் மட்டும் இருந்த ஒரு பெரும் படையை இங்கிலாந்தில் "வைத்திருந்தன". அதற்குத் தளபதி என்று அப்போது காட்டப்பட்டவர் மக்னெயர். அவர் செத்தது தெரிந்தால் நாடகம் கலைந்துவிடும். ஆனால் அந்தக் காரணம் சாவை மறைப்பதற்குத்தான் உதவும். குண்டு எதிரியுடையது என்று மாற்றிச் சொல்வதற்கு அது எப்படிக் காரணமாகும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து அவருடைய ஒரே மகன், கேணல் டக்ளஸ் மக்னெயர், பசுபிக் கடலின் குவாம் தீவில் ஜப்பானியரின் சூட்டில் செத்தார். ஒரே வீட்டில் இரண்டு தந்தி. ஒன்று எதிரியின் குண்டு, மற்றது சொந்தக் குண்டு. அந்தத் தாய்க்கு இரண்டும் ஒன்றாகவா இருந்திருக்கும்?

ஒன்றுதான், போன உயிர் போனதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஷெல்லடிக்குள் வாழ்ந்த ஊர் ஆட்களுக்கு இது தெரியும். தூரத்தில் "டும்" என்று குத்தும் சத்தம் கேட்டதும் எந்தத் திசையிலிருந்து என்று காது தானாகப் பார்க்கும். பங்கருக்குள் போக எத்தனை செக்கன் இருக்கிறது என்பதற்கு அது தேவை. ஆனால் ஷெல் விழுந்து, சனம் செத்து, எல்லாம் முடிந்த பிறகும் அதே கேள்வியைத்தான் கேட்பார்கள்: எந்தப் பக்கத்தால வந்தது? பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி எங்கள் ஒழுங்கையில் இருந்தாள். வாறவர் போறவர் எல்லாரிடமும் அவள் கேட்டது அது ஒன்றுதான். பதில் தெரிந்தவர்களும் சொல்லவில்லை. அவள் அதை வைத்து ஒரு வழக்கும் போடப்போவதில்லை. ஆனாலும் கேட்டாள்.

இரண்டு பக்க வானொலியையும் மாறி மாறிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இவர்கள் சொன்ன எண்ணையும் அவர்கள் சொன்ன எண்ணையும் கூட்டி இரண்டால் பிரித்தால் உண்மை வரும் என்று ஊரில் ஒரு பகிடி இருந்தது. இரண்டு வானொலியிலும் எண்கள் வந்தன, வீரம் வந்தது. எங்கள் ஷெல் எங்கள் ஆட்கள் மேலேயே விழுந்துவிட்டது என்று ஒரு நாளும் என் காதில் விழுந்ததில்லை. 1998 யூனில் இலங்கை அரசு போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை கொண்டுவந்தது. 2008 ஒக்ரோபரோடு இராணுவம் தன் இழப்புக் கணக்கை வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டது. 2009 மேயில், எல்லாம் முடிந்தபிறகு, 2006 ஓகஸ்ட் முதல் 6,261 படையினர் இறந்தார்கள் என்று ஒரே எண்ணாகச் சொன்னார்கள். சிங்களக் கிராமமொன்றில் இருக்கும் தாய் அந்த எண்ணுக்குள் தன் மகன் எப்படிச் செத்தான் என்று எங்கே தேடுவாள்?

கேள்வி கேட்க இராணுவத்துக்கு வெளியே ஓர் ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பிரிட்டன் நல்ல உதாரணம். வெளிநாட்டில் செத்த படையாளின் உடல் நாட்டுக்குள் வந்தால் அங்கே மரண விசாரணை நடக்கவேண்டும். அந்த அதிகாரி இராணுவத்தின் ஆள் இல்லை. 1991 பெப்ரவரி 26 இல், வளைகுடாப் போரில், அமெரிக்க ஏ-10 விமானங்கள் ஒன்பது பிரிட்டிஷ் படையினரைக் கொன்றன. ஒக்ஸ்போர்ட்டில் நடந்த மரண விசாரணைக்கு அமெரிக்க விமானிகள் வரவில்லை. சட்டவிரோதக் கொலை என்று ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். பன்னிரண்டு வருசம் கழித்து, 2003 மார்ச் 28, பஸ்ராவுக்கு அருகே அதே வகை விமானம், அதே பிழை. வாகனங்களின் மேல் "நாங்கள் உங்கட ஆட்கள்" என்று காட்ட விரித்திருந்த செம்மஞ்சள் நிறப் பலகைகளை விமானிகள் ரொக்கற் என்று நினைத்தார்கள். மற்றி ஹல் என்ற இளம் படையாள் செத்தார். விமானத்துக்குள் பதிவான வீடியோவை மரண விசாரணையில் காட்ட அமெரிக்கா சம்மதிக்கவில்லை. 2007 பெப்ரவரியில் அது லண்டன் பத்திரிகையொன்றுக்குக் கசிந்தது. விமானிகள் தாங்கள் செய்ததை அறிந்ததும் குரல் உடைந்து பேசுவது அதில் கேட்கும். அந்த வீடியோவில் அவர்கள் மனிதர்களாகத் தெரிகிறார்கள். நான்கு வருசம் மறைத்து வைத்தவர்கள் அந்த விமானிகளுக்கும் நல்லது செய்யவில்லை. மார்ச்சில் அன்ட்ரூ வோக்கர் என்ற மரண விசாரணை அதிகாரி மறுபடியும் சட்டவிரோதக் கொலை என்றே தீர்ப்புச் சொன்னார்.

1991 போரில் இன்னொரு விசித்திரம். அமெரிக்கத் தாங்கிகள் யுரேனியம் கலந்த குண்டுகளைப் பாவித்தன. ஈராக்கியரிடம் அவை இல்லை. எரிந்த அமெரிக்க வாகனங்களைச் சோதித்தபோது சிலவற்றில் கதிர்வீச்சு காட்டியது. உலோகமே சாட்சி சொல்லிவிட்டது. அந்தப் போரில் சண்டையில் செத்த அமெரிக்கர் 150 பேருக்குள். அதில் 35 பேர் சொந்தச் சூட்டில் செத்தவர்கள் என்று 1991 ஓகஸ்டில் பென்ரகன் ஒத்துக்கொண்டது. அதுவரை சில குடும்பங்கள் எதிரி சுட்டான் என்றே நம்பியிருந்தன.

எங்கள் பக்கத்து நாட்டுக் கதையொன்று. 2019 பெப்ரவரி 27 காலை, காஷ்மீர் வானத்தில் இந்திய, பாகிஸ்தான் விமானங்கள் மோதிக்கொண்டன. சென்னையைச் சேர்ந்த அபிநந்தனின் மிக்-21 விழுந்து அவர் பிடிபட்டார். மீசையோடு அவர் தேநீர் குடித்த வீடியோவைப் பார்க்காத தமிழர் இருக்கமாட்டார்கள். இரண்டு நாளில் விடுதலையானார், ஓகஸ்டில் வீர் சக்ரா விருது. நியாயமான விருதுதான். ஆனால் அதே காலை, ஸ்ரீநகருக்குப் பக்கத்தில் பட்காமில் இந்திய விமானப்படை ஹெலிகொப்டர் ஒன்று விழுந்து ஆறு விமானப்படையினரும் கீழே நின்ற பொதுமகன் ஒருவரும் செத்ததை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? விழுந்து நொறுங்கியது என்றுதான் முதலில் செய்தி. நடுவில் ஒரு பொதுத் தேர்தல் வந்துபோனது. ஒக்ரோபர் 4 அன்று புதிதாகப் பொறுப்பேற்ற விமானப்படைத் தளபதி பதௌரியா, எங்கள் ஏவுகணைதான் அதை விழுத்தியது, பெரிய தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். அவர் சொன்ன விதத்தை மதிக்கிறேன். ஏழு மாதம் என்பதையும் எண்ணுகிறேன்.

இராணுவங்கள் ஓடோடி வந்து ஒத்துக்கொள்ளும் சந்தர்ப்பமும் இருக்கிறது. 2024 டிசெம்பர் 22 இல் செங்கடலுக்கு மேல் அமெரிக்கப் போர்க்கப்பலொன்று தங்களுடைய எஃப்-18 விமானத்தையே சுட்டு விழுத்தியது. இரண்டு விமானிகளும் குதித்துத் தப்பிவிட்டார்கள். அன்றைக்கே அறிக்கை: சொந்தச் சூடு போலத் தெரிகிறது. ஏன் இந்த அவசரம்? மறைக்க ஒரு பிணம் இல்லை என்பது ஒன்று. நாங்கள்தான் விழுத்தினோம் என்று யேமனின் ஹூதிகளும் உரிமை கோரினார்கள் என்பது மற்றது. எதிரியிடம் ஒரு விமானத்தைத் தோற்பதைவிட எங்கட பிழைதான் என்று சொல்வது மானத்துக்கு நல்லது. எந்தக் குண்டு என்ற கேள்விக்கு, எந்தப் பதில் அன்றைக்கு மலிவோ அதுதான் வரும்போல.

பதக்கச் சட்டங்களையும் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் போரில் காயப்பட்டவருக்கும் செத்தவருக்கும் ஊதா இதயப் பதக்கம் கொடுப்பார்கள். எதிரியோடு சண்டையிடும்போது சொந்தச் சூட்டில் பட்டவர்களுக்கும் அது உரியது என்று சட்டத்தில் எழுதியது 1993 இல்தான், வளைகுடாப் போரின் 35 பேருக்குப் பிறகு. அதுவரை எந்தப் பக்கத்துக் குண்டு என்பதை மாற்றி எழுதுவது, சில நல்ல மனதுள்ள அதிகாரிகளுக்குக் குடும்பத்துக்குச் செய்யும் உதவியாகக்கூடத் தெரிந்திருக்கும். அந்தக் காரணம் போன பிறகும், பதினொரு வருசம் கழித்து, ரில்மனுக்கு அதைத்தான் செய்தார்கள்.

சனத்துக்கு இந்தப் பிரிவினை இருந்ததாகத் தெரியவில்லை. ரார்னக் பண்ணையில் செத்த நால்வரையும் 2002 ஏப்ரலில் ட்ரென்ரன் விமானப்படைத் தளத்திலிருந்து ரொறொன்ரோவுக்குக் கொண்டுவந்தபோது 401 நெடுஞ்சாலையின் மேம்பாலங்களில் ஆட்கள் கொடியோடு வந்து நின்றார்கள். அங்கே தொடங்கிய வழக்கம் பிறகு ஒவ்வொரு சவ ஊர்வலத்துக்கும் தொடர்ந்தது. 2007 இல் அந்தத் துண்டு வீதிக்கு வீரர்களின் நெடுஞ்சாலை என்று பெயரும் வைத்தார்கள். வேலை முடிந்து வரும்போது நானும் சில தடவை அந்தப் பாலங்களின் கீழே வாகனத்தை மெதுவாக்கியிருக்கிறேன். மேலே நின்றவர்கள் எந்தக் குண்டில் செத்த உடல் வருகிறது என்று விசாரித்துவிட்டு வந்ததாகத் தெரியவில்லை.

ரில்மனின் வெள்ளி நட்சத்திரத்தை இராணுவம் திரும்ப எடுக்கவில்லை. கூற்றை மட்டும் திருத்தி எழுதினார்கள். அவரோடு அதே சரிவில் அதே துவக்குகளால் செத்த ஆப்கான்காரருக்கு முதலில் எழுதிய கூற்றும் இல்லை, பிறகு திருத்திய கூற்றும் இல்லை. அமெரிக்கரோடு நின்று அமெரிக்கரின் சூட்டில் செத்தவர் அவர். அவருடைய வீட்டுக்கு யார் போய் என்ன சொன்னார்கள் என்பது, நான் வாசித்த ஒரு பக்கத்திலும் இல்லை.